குவைத்தில் வெயிலைவிடக் காற்று பெரிசு

ஜூன் பிறந்துவிட்டால் காலையில் எழுந்ததும் நான் முதலில் எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியைத்தான் பார்ப்பேன். அங்கே யாரோ காயப்போட்ட துணி எந்தப் பக்கம் பறக்கிறது, சும்மா அசைகிறதா, கொடியை இழுத்துக்கொண்டு படபடக்கிறதா என்று பார்த்தால் போதும். அன்றைக்கு எத்தனை பேரை மாடிக்கு அனுப்பலாம், எந்த வேலையைத் தள்ளிப்போடலாம் என்று தெரிந்துவிடும்.

நான் குவைத்தின் மங்காஃப் பகுதியில் இருக்கிறேன். ஏசி மெயின்டனன்ஸ் வேலை. ஹெல்ப்பராக வந்து, டெக்னீஷியனாகி, இப்போது ஒரு டீமைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் மொட்டை மாடியில்தான். அதனால் இந்த ஊரின் காற்றோடு எனக்கு நெருங்கின பழக்கம் உண்டு.

ஊருக்குப் போனால் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2016 ஜூலை 21 அன்று வடமேற்கு மூலையில் இருக்கும் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது. உலக வானிலை அமைப்பே அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வெயில் ஒழுங்கானது. எத்தனை மணிக்கு ஏறும், எப்போது இறங்கும் என்று தெரியும். தண்ணீர் குடிக்கலாம், நிழலில் ஒதுங்கலாம், சட்டமே ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெளிவேலைக்குத் தடை போட்டிருக்கிறது. காற்று அப்படி இல்லை. இங்கே ஒருவன் மாடியில் நிற்பதா இறங்குவதா, விமானம் கிளம்புமா, பள்ளிக்கூடம் உண்டா, பக்கத்து அறைத் தம்பி இன்று ராத்திரி தூங்குவானா, எல்லாம் காற்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

கோடைக் காற்றின் பெயர் ஷமால். வடமேற்கிலிருந்து வரும். ஜூன், ஜூலையில்தான் உச்சம். குவைத்துக்காரர்கள் அந்த நாட்களை பவாரிஹ் என்பார்கள். வானிலை அறிக்கையில் மணிக்கு 50 கிலோமீட்டர், 60 கிலோமீட்டர் என்று நாள் கணக்காக அதே எண்கள் ஓடும். கடற்கரைக் காற்று போல் உடம்புக்கு இதமாக இருக்கும் என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். நாற்பத்தெட்டு டிகிரியில் அடிக்கும் காற்று வியர்வையில் உடம்பை நனையவே விடாது. சட்டை காய்ந்தே இருக்கும், உடம்பில் இருந்த தண்ணீர் முழுக்கப் போயிருக்கும். தலை சுற்றும்போதுதான் தெரியும். அதனால் என் டீமில் தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிடுவேன்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். கோடையில் பாகிஸ்தான், தெற்கு ஈரான் பக்கம் தரை கொதித்து, காற்றழுத்தம் நன்றாக இறங்கிவிடுகிறது. வடமேற்கு சவூதியிலும் அதற்கு அப்பால் மத்தியதரைக் கடல் பக்கமும் அழுத்தம் கூடுதல். அங்கிருந்து இங்கே காற்று ஓட வேண்டும். கிழக்கே ஈரானின் சாக்ரோஸ் மலைத்தொடர் மறித்து நிற்பதால், அது டைக்ரிஸ், யூப்ரடீஸ் சமவெளி வழியாகவே தென்கிழக்கு நோக்கி இறங்குகிறது. அந்த வழி முடிந்து வளைகுடா தொடங்கும் இடத்தில் குவைத் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு. எனக்குச் சொந்த ஊர் ஆரல்வாய்மொழி பக்கம். கணவாய்க் காற்றில் வளர்ந்தவன். ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகள் அத்தனையும் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றும். சைக்கிளில் எதிர்க்காற்றில் போனால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை எங்கள் பக்கம் யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை, நடப்பாகத்தான் சொல்வோம். அந்தத் தென்மேற்குக் காற்றையும் இழுப்பது வடமேற்கு இந்தியா, பாகிஸ்தான் பக்கம் உண்டாகும் அதே தாழ்வழுத்தம்தான். கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாயில் நெருக்கிக்கொண்டு எங்கள் ஊருக்குள் வருகிறது. அதாவது ஜூன் மாதம் என் அம்மா வீட்டு ஓட்டுக்கூரையைத் தடதடக்க வைக்கும் காற்றுக்கும், இங்கே என் ஏணியை ஆட்டும் காற்றுக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் ஏறக்குறைய ஒன்று.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அப்போ அங்கயும் சாரல் உண்டா மக்கா?" என்று கேட்டாள்.

"சாரல் இல்லம்மா. மண்ணுதான் வருவு."

"மண்ணா? அப்போ கண்ணக் கெட்டிட்டு வேல பாரு" என்றாள்.

ஷமால் ஒரு நாளைக்குள் ஏறி இறங்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. மாடி வேலை செய்பவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி தரை குளிர்ந்ததும் தரையோடு ஒட்டிய காற்று மேலே உள்ளதோடு கலக்காமல் தனியாக அடங்கிவிடுகிறது. தெருவில் நின்றால் காற்றே இல்லை என்று தோன்றும். ஆனால் சில நூறு மீட்டர் உயரத்தில் அது இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். காலையில் வெயில் ஏறித் தரை சூடானதும் கீழ்க்காற்றும் மேல்காற்றும் கலக்கும். மேலே இருந்த வேகம் கீழே இறங்கும். ஐந்து மணிக்கு அமைதியாக இருந்த மாடி ஒன்பது மணிக்கு ஆளைத் தள்ளுவது இதனால்தான். யூனிட்டின் மூடித்தகடான பேனலைக் கழற்றுவது, ஏணி வைப்பது, கிரேனில் யூனிட் ஏற்றுவது போன்ற வேலைகளை விடிவதற்குள் தொடங்கி எட்டு மணிக்குள் முடிக்கச் சொல்கிறேன். கழற்றின பேனலைத் தரையில் படுக்கவைத்து மேலே கேஸ் சிலிண்டரையோ டூல் பாக்ஸையோ வைக்க வேண்டும். சுவரில் சாய்த்து வைத்த பேனல் ஏழு மாடி இறங்கி நடைபாதையில் விழுந்தால் கீழே போகிறவன் கதி என்ன?

காற்று மட்டும் என்றால் சமாளிக்கலாம். அது கொண்டுவருவதுதான் பெரிய பாடு. அந்தப் புழுதியை உள்ளூர் ஆட்கள் தோஸ் என்பார்கள், அரபிக் காலண்டரில் ஒரு பருவம் போலவே பேசுவார்கள். அந்தப் பொடியில் பெரும்பகுதி தெற்கு ஈராக்கிலிருந்து வருவது. அங்கே ஒரு காலத்தில் பெரிய சதுப்பு நிலங்கள் இருந்தன. 1990களில் சதாம் அரசு அவற்றை வடித்துக் காயவைத்தது. 2003க்குப் பிறகு ஒரு பகுதிக்குத் தண்ணீர் திரும்பினாலும், ஆற்றின் மேல்பகுதி அணைகளும் தொடர் வறட்சியும் சேர்ந்து நிறைய நிலம் வெறும் வண்டலாகவே கிடக்கிறது. ஆற்று வண்டல் அல்லவா, சலித்த மைதா போல அவ்வளவு நைசு. இதற்கு மேல் குவைத்தின் சொந்த மண்ணும் உண்டு. பாலைவனத் தரையில் சரளைக் கற்கள் பரவி, மேல்மண் இறுகி ஒரு மூடி மாதிரி இருக்கும். அதை உடைக்காதவரை கீழே உள்ள மணல் எழும்பாது. 1990-91 போரில் டாங்கிகளும் பதுங்கு குழிகளும் அந்த மூடியைப் பெரும் பரப்பில் கிழித்துவிட்டன. 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்ததை உலகமே பார்த்தது. தரை உடைந்ததை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. அது ஆற மனித ஆயுள் போதாது.

சால்மி சாலையில் போனால் மணல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தாரின் மேல் கணுக்கால் உயரத்துக்கு மேல் போகாமல், இழை இழையாகக் குறுக்கே ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும். அடுத்த ஓரத்தில் குவிந்ததை லோடர் வந்து அள்ளும். அடுத்த வாரம் மறுபடியும் அள்ளும்.

இனி மாடிக்கு வருகிறேன். தோஸ் அடித்த மறுநாள், மாடியில் நிற்கும் பெரிய ஏசியான பேக்கேஜ் யூனிட்டில், சூட்டை வெளியே விடும் கண்டென்சர் காயிலைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஃபின்கள் என்னும் மெல்லிய அலுமினியத் தகடுகள் நூல் இடைவெளி விட்டு வரிசையாக நிற்க வேண்டும். அந்த இடைவெளியே இருக்காது. வடமேற்கைப் பார்த்த பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளம் ஒட்டியிருக்கும்; விரலால் இழுத்தால் துண்டாகப் பெயர்ந்து வரும். காற்று உள்ளே போகவில்லை என்றால் சூடு வெளியே போகாது, சூடு போகவில்லை என்றால் கேஸ் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஹை பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அது நடப்பது பகல் இரண்டு மணிக்கு, ஊரே கொதிக்கும்போது. கீழே வீட்டில் கைக்குழந்தையோ வயதானவரோ இருப்பார். "ஏசி நின்னுபோச்சு" என்று போன் வரும்.

கழுவுவதிலும் முறை இருக்கிறது. கரன்ட்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை ஆஃப் செய்துவிட்டு, முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் ஃபின் ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழாக வார வேண்டும். பிறகு தண்ணீரை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் பொடி உள்ளே போய்ச் சேறாகி, வெயிலில் இறுகி, அந்தக் காயில் அவ்வளவுதான். பிரஷர் பம்பைக் கிட்டே பிடித்தால் ஃபின் மடங்கிப்போகும். புதுப் பையன்களுக்கு அவசரம். கூட நின்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, அவுட்டோர் யூனிட்டை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதும் காற்றைப் பார்த்துத்தான். வடமேற்குச் சுவரில் காற்றுக்கு நேராக மாட்டிவிட்டால், யூனிட் ஊதும் சூட்டைக் காற்று திரும்ப அதன் மேலேயே தள்ளும். ஓடாத நேரத்தில் காற்றே ஃபேனை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் அதை நிறுத்தி, திருப்பிச் சுற்ற வேண்டும். மோட்டார் எரிந்துபோனதாக வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது யூனிட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத்தான்.

பழைய குவைத்துக்காரர்களுக்கு இதெல்லாம் கட்டடத்திலேயே தெரிந்திருக்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் திறப்பு வைத்துக் கட்டுவார்கள், கோடையில் குடும்பமே மாடியில் படுக்கும். பாஸ்ராவில் பேரீச்சம்பழம் ஏற்றிய அவர்களின் பாய்க்கப்பல்கள் இந்த வடமேற்குக் காற்றில்தான் வளைகுடாவை இறங்கி, பருவக்காற்றைப் பிடித்து மலபார் வரை வந்தன. கப்பல் கட்டத் தேக்கு கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. இன்றைக்கு மாடியில் ஏசி, டிஷ், தண்ணீர்த் தொட்டி தவிர ஒன்றுக்கும் இடமில்லை. இங்கே மேற்குப் பாலைவனத்தில் ஷகாயாவில் 10 மெகாவாட் காற்றாலை வைத்திருக்கிறார்கள். முப்பந்தல்காரன் கண்ணுக்கு அது ரொம்பச் சின்னது. ஜூனில் இங்கே அடிக்கும் காற்றுக்கு இன்னும் எவ்வளவோ வைக்கலாம். ஏசி மொத்தமும் ஓடும் மாதங்களில்தானே இந்தக் காற்றும் வருகிறது!

ஷமால் நின்றால் நல்லது என்று சொல்லவும் முடியாது. ஆகஸ்டில் அது தளர்ந்து, கடலிலிருந்து தென்கிழக்குக் காற்றான கவ்ஸ் வந்துவிட்டால் கண்ணாடி, கைப்பிடி, இரும்பு எல்லாம் நனைந்துபோகும். ஒட்டியிருந்த பொடி அப்படியே பசையாகிவிடும். வசந்த காலம் வேறு மாதிரி. மார்ச் கடைசியிலிருந்து மே வரை சராயாத் என்று திடீர்ப் புயல்கள். பத்து நிமிடம் முன்னால் வானம் நீலமாக இருந்திருக்கும். 2011 மார்ச் 25, வெள்ளிக்கிழமை, அப்படி வந்த புழுதிச் சுவரின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பகல் அப்படியே ராத்திரி ஆனது என்று அன்றைக்கு இங்கே இருந்த எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி சொல்வார். 2022 மே மாதத்தில் புழுதி அடுத்தடுத்து வந்தது. 23ஆம் தேதி விமான நிலையத்தில் சேவையை நிறுத்தினார்கள். அந்த மாதத்தில் அது இரண்டாவது முறை. ஊருக்குப் போகப் பெட்டி கட்டிய ஆட்கள் அறைக்குத் திரும்பி வந்து பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

புழுதி நாளில் அறைக்குள் இருப்பதும் சுலபமில்லை. ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணிப்போம், கதவின் கீழே பழைய லுங்கியைச் சுருட்டி வைப்போம். ஆனாலும் சோற்றில் நறநறக்கும். எங்கள் அறையில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், வீசிங் உள்ளவன். ஊரில் வயலில் வேலை செய்தவன், நல்ல உழைப்பாளி. தோஸ் அடிக்கும் ராத்திரிகளில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு விடிய வைப்பான். "ஒண்ணுமில்லண்ணே, நீங்க படுங்க" என்பான். அந்தப் பையனை மறுநாள் மாடிக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் பிரிக்கிற வேலை கொடுத்துவிடுவேன்.

முகத்தில் சுற்றும் துண்டு பெரிய மணலைத்தான் தடுக்கும். நுரையீரல் வரை போகும் பொடி அதன் வழியாகத் தாராளமாகப் போகும். அதற்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் வேண்டும், ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் புதிதாக. மதியத் தடை மணி பார்த்து வரும் சட்டம். புழுதி மணி பார்த்து வருவதில்லை. காலை ஆறு மணிக்கு வந்தால் அப்போது மாடியில் நிற்பவனை இறக்கச் சொல்வது என்னைப் போன்ற ஒருவனின் வாய்ச்சொல்தான்.

அதனால் இந்தக் கோடைக்கு எங்கள் ஆபீசில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்துத் தெருக் கட்டடம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் புழுதி வந்தால் மாடி வேலை நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. மாஸ்க் கம்பெனி செலவில் வர வேண்டும். வீசிங் உள்ளவர்களின் பெயர் ஃபோர்மேனிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும், அதைக் காரணமாக வைத்து யாரையும் ஊருக்கு அனுப்பக் கூடாது. மாஸ்க்குக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் பதில் வாங்க ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.