முதலில் போன் பட்டியல், அப்புறம்தான் வாக்காளர்

2024 தேர்தலில் மிச்சிகனில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நின்ற ஒரு வேட்பாளரின் நிதி திரட்டும் குழுவில் வேலை பார்த்தேன். எங்கள் வேட்பாளர் ஒரு நர்ஸ். பிரதிநிதிகள் சபையில் ஏற்கெனவே இருக்கும் உறுப்பினரை எதிர்த்து நின்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த எண்ணை டயல் செய்து போனை அவர் கையில் கொடுப்பது என் வேலை. அவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவரின் விவரம் அவர் முன்னால் இருக்க வேண்டும்: பெயர், எப்படிப் பழக்கம், எவ்வளவு கேட்கலாம். இதைக் கால் டைம் என்பார்கள். வேட்பாளரின் நாளில் பெரும்பகுதி இதற்குத்தான் போகும்.

கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்து வருபவர்கள் சராசரியாக 20 லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்கிறார்கள். பிரச்சாரம் ஒன்றரை வருடம் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒவ்வொரு நாளும் சுமார் 3,700 டாலர் வர வேண்டும். 2024 தேர்தலுக்கு ஒருவர் ஒரு வேட்பாளருக்கு, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்கு 3,300, பொதுத் தேர்தலுக்கு 3,300 டாலர் மட்டுமே கொடுக்கலாம். பெரும்பாலானவர்கள் கொடுப்பது 25, 50, 100 டாலர். முப்பது எண்களை அழைத்தால் நாலைந்து பேர் எடுப்பார்கள். அவர்களில் ஒருவர் சரி என்பார். சரி என்றவரிடமிருந்து பணம் வந்து சேர இன்னும் இரண்டு முறை ஞாபகப்படுத்த வேண்டும்.

பதவியில் இருப்பவரும் இதையே செய்கிறார். 2012-ல் புதிதாக ஜெயித்து வந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களுக்கு அவர்களுடைய கட்சியின் பிரச்சாரக் குழு காட்டிய மாதிரி அட்டவணையில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் கால் டைம் இருந்தது. நாடாளுமன்ற அலுவலகத்திலிருந்து பணம் கேட்டுப் பேசக் கூடாது என்பதால், அருகிலுள்ள கட்சிக் கட்டிடத்துக்குப் போய்ப் பேசுவார்கள். ஆனால் பதவியில் இருப்பவருக்குச் சம்பளம் வருகிறது, வருடத்துக்கு 1,74,000 டாலர். கேட்டதும் செக் எழுதும் பிஏசி என்ற அரசியல் நிதிக் குழுக்கள் இருக்கின்றன. ஒரு பிஏசி தேர்தலுக்கு 5,000 டாலர் வரை தரலாம், அதில் பெரும்பங்கு பதவியில் இருப்பவர்களுக்கே போகிறது. யார் ஜெயிப்பார் என்று பார்த்துத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். பதவியில் இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் திரும்ப ஜெயிப்பதால், எதிர்த்து நிற்பவரின் போனை எடுக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

இவ்வளவுக்கும் பணம் அதிகம் தேவைப்படுவது எதிர்த்து நிற்பவருக்குத்தான். பதவியில் இருப்பவர் கூடுதலாகச் செலவு செய்வதால் அவருடைய வாக்குகள் பெரிதாக மாறுவதில்லை, எதிர்த்து நிற்பவர் செலவு செய்யும் ஒவ்வொரு டாலருக்கும் பலன் தெரிகிறது என்று அரசியல் ஆய்வாளர் கேரி ஜேக்கப்சன் 1970-களின் கடைசியிலேயே எழுதினார். தொகுதியில் போய் நின்றால் அது கண்கூடாகத் தெரியும். உறுப்பினரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேட்பாளர் இருபது வருடம் அதே ஊர் மருத்துவமனையில் வேலை பார்த்தவர், ஆனால் அந்த மருத்துவமனையிலிருந்து இருபது மைல் தள்ளிப் போனால் அவரை யாருக்கும் தெரியாது.

நான் பார்த்ததில் மிகவும் வலித்தது முதல் காலாண்டுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபெடரல் தேர்தல் ஆணையத்துக்குக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்: ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, ஜனவரி 31. முதல் கணக்கு வெளியான அன்றே கட்சிக்காரர்கள், நிருபர்கள், தொழிற்சங்கங்கள், பிஏசி நடத்துபவர்கள் எல்லோரும் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அது சிறியதாக இருந்தால் அடுத்த மூன்று மாதம் உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பணமும் வராது. வாஷிங்டனில் கட்சிக் குழுவோடு பேசிய முதல் தடவை எங்களிடம் கேட்டவை மூன்றே கேள்விகள்: எவ்வளவு திரட்டினீர்கள், கையில் எவ்வளவு மிச்சம், மாதம் எவ்வளவு செலவு. சுகாதாரத்தைப் பற்றி இருபது வருட அனுபவத்தோடு பேசக்கூடிய ஒருவரிடம், அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

அந்த முதல் மூன்று மாதப் பணம் எங்கிருந்து வரும்? வேட்பாளரின் சொந்த போனில் இருக்கும் பெயர்களிலிருந்துதான். ஆரம்பத்தில் எந்த நிதி மேலாளரும் செய்யும் முதல் வேலை இதுதான். வேட்பாளரை உட்கார வைத்து, போனில் உள்ள ஒவ்வொரு பெயரையும் படிக்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு தொகை எழுதுவோம். ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் வக்கீலுடைய போனில் முன்னூறு பேர் ஆளுக்கு ஆயிரம் டாலர் தரக்கூடியவர்களாக இருப்பார்கள். எங்கள் நர்ஸின் போனில் இருந்தவர்கள் மற்ற நர்ஸுகள், பள்ளிக்கூட அம்மாக்கள், சர்ச்சில் பழகியவர்கள், பழைய நோயாளிகளின் குடும்பத்தார். அவர்களில் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. இருபது டாலர் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் முடியவில்லை என்று வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தைக் கேட்ட பிறகு அவர் கொஞ்ச நேரம் போனைத் தொடமாட்டார். நானும் அவசரப்படுத்தியதில்லை.

மக்கள் ஓட்டுப் போடுவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே இங்கே ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. பணக்காரர்களைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அதற்கான தகுதி. ஆசிரியர், நர்ஸ், மெக்கானிக் எல்லாம் காங்கிரஸில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் போன் பட்டியலைத்தான் காட்டுவேன்.

வெளியாட்களைப் பிடிக்கலாமே என்று தோன்றும். 200 டாலருக்கு மேல் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து பெயரை எடுத்துப் பணம் கேட்பது சட்டவிரோதம். அப்படி எடுப்பவர்களைப் பிடிக்க, பிரச்சாரக் குழுக்கள் தங்கள் கணக்கில் சில கற்பனைப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளவும் ஆணையம் அனுமதிக்கிறது. ஆக, பட்டியலை ஒன்று நாமே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கக் காசு இருந்தால் பிரச்சினையே இல்லையே!

நான் தமிழ் ஆள் என்பதால் டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள நம்மவர்களையும் அழைத்தோம். ஃபார்மிங்டன் ஹில்ஸ், நோவை, ட்ராய் பக்கம் டாக்டர்களும் கார் கம்பெனி இன்ஜினியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நன்றாகப் பேசினார்கள், வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் ஒரு டாலர் கூடக் கொடுக்க முடியாது. எச்-1பி விசாவில் பத்து, பதினைந்து வருடமாக வரி கட்டிக்கொண்டு கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். ஒருவர் கேட்டார்: “என் தம்பி சிட்டிசன்தான்மா. பணத்தை நான் தர்றேன், அவன் பேர்ல போட்டுடலாமா?” “வேண்டாம் அங்கிள், யார் பணமோ அவங்க பேர்லதான் வரணும். இன்னொருத்தர் பேர்ல கொடுக்கிறது பெரிய குற்றம்” என்றேன். சம்பளம் வாங்காமல் வந்து வேலை செய்யத் தடையில்லை என்று சொன்னதும், அடுத்த சனிக்கிழமையே நோட்டீஸ் கொடுக்க வந்துவிட்டார்.

சொந்தப் பணம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. 1976-ல் பக்லி எதிர் வாலியோ வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளர் தன் சொந்தக் காசை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றது. மிச்சிகனிலேயே ஸ்ரீ தானேதார் இருக்கிறார். பெல்காமில் வறுமையில் வளர்ந்து, இங்கே தொழிலில் சம்பாதித்தவர். 2018-ல் ஆளுநர் பதவிக்கான பிரைமரியில் ஒரு கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணம் போட்டுத் தோற்றார். 2022-ல் காங்கிரஸுக்கு நின்றபோதும் தன் பணத்தைப் போட்டார், ஜெயித்தார். அவர் உழைத்துச் சேர்த்த பணம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பணம் போட்டும் தோற்கலாம் என்பதற்கும், தோற்ற பிறகு இன்னொரு முறை நிற்க அதே பணம் வேண்டும் என்பதற்கும் அவரே உதாரணம்.

பணமே இல்லாமல் ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். 2014-ல் வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர் 50 லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்தும், சுமார் இரண்டு லட்சம் செலவு செய்த பேராசிரியர் டேவ் பிராட்டிடம் பிரைமரியில் தோற்றார். 2018-ல் நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், பதவியில் இருந்த ஜோ க்ரௌலியை வீழ்த்தினார். இவை நடந்ததால் நம்பிக்கை வருகிறது, நானும் வேட்பாளரிடம் இவற்றைச் சொல்லியிருக்கிறேன். இரண்டுமே சொந்தக் கட்சிக்குள் நடந்த, குறைவான பேர் ஓட்டுப் போட்ட பிரைமரிகள். நவம்பர் தேர்தலில் தொகுதி முழுக்கப் பெயர் தெரிய வேண்டும்.

இணையம் வந்த பிறகு சிறு நன்கொடைகள் பெருகியது உண்மை. இணையத்தில் நன்கொடை வாங்கும் தளங்களாக, ஜனநாயகக் கட்சிப் பக்கம் 2004-ல் ஆக்ட்புளூ வந்தது, குடியரசுக் கட்சிப் பக்கம் 2019-ல் வின்ரெட். ஆனால் அந்தப் பணம், நாடு முழுக்கப் பலருக்குப் பிடிக்காத ஒரு பெரிய தலைவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் ஓடுகிறது. 2020-ல் மிட்ச் மெக்கானலை எதிர்த்த ஏமி மெக்ராத் செனட் பிரச்சாரத்துக்கு ஒன்பது கோடி டாலருக்கு மேல் திரட்டி, ஏறத்தாழ 20 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார். அதில் நூறில் ஒரு பங்கு எங்களுக்கு வந்திருந்தால் ஆறு மாதம் தொகுதி முழுக்கச் சுற்றியிருப்போம். எங்கள் எதிராளி சத்தம் போடாத, டிவியில் அதிகம் வராத உறுப்பினர். அப்படிப்பட்டவரை எதிர்த்து நிற்பவருக்கு வெளியூர்ப் பணம் வராது.

சூப்பர் பிஏசி, அதாவது வேட்பாளரோடு சேராமல் தனியாக வரம்பின்றிச் செலவு செய்யும் குழு, கைகொடுக்கும் என்றும் சிலர் நம்புகிறார்கள். டிவி நிலையங்கள் பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் வேட்பாளருக்கு மட்டும் மிகக் குறைந்த கட்டணத்தில் விளம்பர நேரம் தர வேண்டும். சூப்பர் பிஏசிக்கு அந்தச் சலுகை கிடையாது, அதே முப்பது விநாடிக்குப் பல மடங்கு கொடுக்கும். அதனால் வேட்பாளர் கையில் இருக்கும் ஒரு டாலருக்கு மதிப்பு அதிகம்.

இதையெல்லாம் சரிசெய்ய முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்குப் பிரச்சார நிதியைப் பயன்படுத்தலாம் என்று 2018-ல் தேர்தல் ஆணையம் அனுமதித்தது. நியூயார்க்கில் நின்ற லியூபா க்ரெச்சன் ஷெர்லி கேட்டு வாங்கிய அனுமதி அது. வேட்பாளர் சம்பளம் எடுத்துக்கொள்ளும் விதியும் 2024 மார்ச்சில் தளர்ந்தது. எங்கள் வேட்பாளர் எடுக்கவில்லை. நன்கொடையில் சம்பளம் வாங்குகிறார் என்று எதிர்த் தரப்பு விளம்பரம் போடும் என்று பயந்தார், அது நியாயமான பயம். சிறு நன்கொடைக்கு ஆறு மடங்கு பொது நிதி சேர்க்கும் மசோதா 2019-லும் 2021-லும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. அது வந்திருந்தால், அந்தச் சர்ச் நண்பர்களின் இருபது டாலர் 140 டாலராகியிருக்கும்.

நவம்பரில் தோற்றோம். அச்சகத்துக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் பாக்கி இருந்தது. தோற்ற பிறகும் கடன் அடைக்கப் பணம் திரட்டலாம், ஆனால் வரம்பு அதேதான்: பொதுத் தேர்தலுக்கு ஏற்கெனவே 3,300 கொடுத்தவரிடம் மறுபடி கேட்க முடியாது. ஜனவரியில் அவர் மருத்துவமனை வேலைக்குத் திரும்பினார். ஷிஃப்ட் முடிந்து மாலையில் வந்து உட்காருவார், நான் டயல் செய்வேன். தோற்றவரின் எண்ணைப் பார்த்தால் பலர் எடுப்பதே இல்லை. எடுத்தவர்களில் அதிகம் கொடுத்தது மற்ற நர்ஸுகள்தான்.

2026-ல் அதே தொகுதியில் நிற்க நினைத்த ஒரு பள்ளி ஆசிரியர் வந்து எங்கள் நன்கொடையாளர் பட்டியலைக் கேட்டார். இலவசமாகக் கொடுத்தால் அதுவே நன்கொடைக் கணக்கில் சேரும் என்பதால், சந்தை விலை வைத்து வாடகைக்குக் கொடுத்தோம். அந்தப் பணம் அச்சகத்துப் பாக்கியின் கடைசித் தவணைக்குப் போனது. பட்டியலைக் கொடுத்தபோது, யாரை மாலையில் அழைக்க வேண்டும், யார் இருபது டாலர் கொடுத்துவிட்டு வருத்தப்படுவார்கள் என்பதையும் பெயருக்குப் பெயர் எழுதிக் கொடுத்தார் எங்கள் வேட்பாளர்.