காட்ஃபாதர் இரண்டாம் பாகத்தைக் கலைத்து அடுக்கிப் பார்த்தேன்

பிடித்த படங்களைக் காட்சி காட்சியாகப் பிரித்து அட்டையில் எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. யார், எங்கே, என்ன நடக்கிறது, முடியும்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்று நாலு வரி. இந்தமுறை எடுத்தது 1974-ல் வந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம். மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம் என்பதால் கூடத்தில் நடக்க இடமில்லாமல் போய்விட்டது. வீட்டில் திட்டு விழுந்தது தனிக்கதை.

மாஃபியா குடும்பத் தலைவரான அப்பா விட்டோவின் இளமைக்குப் பச்சை அட்டை. 1958-ஐ ஒட்டி நடக்கும் மகன் மைக்கேலின் கதைக்கு வெள்ளை. படம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும். பச்சையை எல்லாம் முன்னால் தள்ளி நேர்வரிசையாக்கினால் என்ன ஆகும் என்பதுதான் சோதனை. புது யோசனை ஒன்றுமில்லை. இயக்குநர் கொப்போலாவே 1977-ல் தொலைக்காட்சிக்காக முதலிரண்டு பாகங்களையும் கால வரிசையில் அடுக்கிக் கொடுத்தவர்தான்.

அடுக்கியதும் கதை நன்றாகவே புரிகிறது. 1901-ல் தனியாக நியூயார்க்கில் வந்திறங்கும் சிறுவன் வளர்ந்து பெரிய ஆளாகிறான். பிறகு மகன் காலம். ஆனால் அண்ணன் ஃப்ரெடோவின் துரோகம் சப்பென்று ஆகிவிடுகிறது.

காரணம், கியூபாவின் ஹவானாவில் நடக்கும் காட்சிகளின் அட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. மைக்கேலின் எதிரியுடைய கையாள் ஜானி ஓலாவைத் தெரியவே தெரியாது என்று தம்பியிடம் சாதித்த ஃப்ரெடோ, கிளப்பில் போதையில் அவன் பேரைத் தானே உளறிவிடுகிறான். புத்தாண்டு இரவில் மைக்கேல் அவனை இழுத்து முத்தமிட்டு, காட்டிக்கொடுத்தது நீதான் என்று தெரியும் என்கிறான். ஊர் திரும்பினால் மனைவியின் கரு கலைந்த செய்தி. அதற்கு அடுத்த அட்டை பச்சை: நிமோனியாவில் கதறும் கைக்குழந்தை, பார்த்துக்கொண்டு கண்ணீர் விடும் விட்டோ. அந்தக் குழந்தைதான் ஃப்ரெடோ. நேர்வரிசையில் இந்த அட்டை எங்கோ முன்னால், ஃபனூச்சி என்ற உள்ளூர் தாதாவை விட்டோ கொல்வதற்கு முன்பே வந்துவிடுகிறது. காய்ச்சலில் கிடந்த ஏதோ ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

1941 சாப்பாட்டு மேசைக் காட்சிக்கும் இதே கதி. படையில் சேர்ந்துவிட்டேன் என்று மைக்கேல் சொன்னதும் மூத்த அண்ணன் ஸன்னி கோபத்தில் குதிக்கிறான். கை கொடுத்து வாழ்த்துபவன் ஃப்ரெடோ ஒருவன்தான். மைக்கேல் ஆள் வைத்து அவனை ஏரியில் கொன்ற பிறகு இதைப் பார்ப்பதும், கொல்லும் முன்பே பார்த்துவிடுவதும் ஒன்றாகுமா?

படகு வீட்டுக் காட்சிக்கு மட்டும் எந்த வரிசையும் தேவைப்படவில்லை. மைக்கேல் நிற்கிறான். ஃப்ரெடோ சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடியே, நான் மூத்தவன், என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று கத்துகிறான். கோபத்தில் திமிறுகிறான், அந்த நாற்காலி எழவிடுவதில்லை. கை ஓங்கியவர் யார் என்ற கட்டத்தில் எழுதாமல் நாற்காலியை வரைந்து வைத்தேன். ஃப்ரெடோவாக நடித்த ஜான் கஸேல் மாதிரி நடிகருக்கு இதற்காகவே ஆஸ்கர் கொடுத்திருக்கலாம், பரிந்துரைகூட வரவில்லை.

கடைசியாக, குழந்தை அட்டையை மட்டும் அம்மாவின் சாவு வீட்டுக் காட்சிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். மிகையாகிவிட்டது. அண்ணனைக் கட்டிக்கொண்டே மைக்கேல் தன் அடியாள் நேரியை ஏறிட்டுப் பார்க்கும் பார்வையே அங்கே போதும். சரி என்று பழைய இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன். அடுத்து, ஒலியை அணைத்துவிட்டு ஹவானா பகுதியை மட்டும் ஷாட் ஷாட்டாகக் குறிக்கப்போகிறேன்.