சோல்டிரேஸை நிறுவியதும், அது சொல்லும் எண்ணைச் சரிபார்த்ததும்

கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து வெப்பமெடுக்கும் அமைப்பு ஒன்றை, இரும்பு வாங்குவதற்கு முன்னால் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே போய் விழுகிறது என்று கணக்கிடும் ஒரு ரே டிரேசிங் மென்பொருளைத் தேடினேன். கடைசியில் தேறியவை இரண்டு. ஒன்று அமெரிக்காவின் என்.ஆர்.இ.எல். ஆய்வகத்தில் உருவான சோல்டிரேஸ், இன்னொன்று ஸ்பெயின் பக்கம் வளர்ந்த டோனாட்யூ. இரண்டும் இலவசம், இரண்டின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. டோனாட்யூவில் கண்ணாடிகளை மரக்கிளை மாதிரி அடுக்கி, சூரியனைப் பின்தொடரும் டிராக்கரையும் அதிலேயே பொருத்திவிடலாம், கண்ணுக்கும் அழகாக இருக்கும். எனக்கு அழகைவிட, ஒவ்வொரு கண்ணாடியின் ஆயத்தொலைவையும் அட்டவணையாகக் கொட்டிவிட்டுக் கணக்கை ஓட்டும் வசதிதான் வேண்டியிருந்தது, அதனால் சோல்டிரேஸ்.

விண்டோஸில் நிறுவுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோப்பை இறக்கி நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தினால் முடிந்தது. லினக்ஸில், அதுவும் பைத்தானிலிருந்து ஓட்டும்படி வேண்டும் என்றால் மூலநிரலிலிருந்து கட்ட வேண்டும், அதில் வரிசைதான் முக்கியம். முதலில் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், சாளரம் பட்டன் எல்லாம் வரைவது அதுதான். அப்புறம் எல்கே, மென்பொருளுக்குள்ளேயே ஸ்கிரிப்ட் எழுதும் சின்ன மொழி. அதற்குமேல் வெக்ஸ், வரைபடங்களுக்காக. இவை கட்டி முடிந்த பிறகுதான் சோல்டிரேஸ். எல்லாக் கோப்புறைகளையும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது எங்கே இருக்கிறது என்று என்விரான்மென்ட் வேரியபிளில் சொல்லிவிட்டு, கட்டும் வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக் கருவியை ஓட்டினேன். ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்று அது முரண்டு பிடித்தால் நிரலைக் குடைய வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் புதிதாக ஒரு டெர்மினலைத் திறந்திருப்பீர்கள், அதில் அந்த வேரியபிள் இருக்காது.

நிறுவி முடித்ததும் பலரும் நேராகத் தங்கள் வடிவமைப்பை உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். வண்ண வண்ணமாகப் படம் வரும், அது சரியா தப்பா என்று சொல்ல ஆள் இருக்காது. நான் முதலில் ஏற்றியது, விடை தாளிலேயே தெரிந்த ஒரு பரவளைய டிஷ். குவியத் தூரம் 1 மீட்டர், விளிம்புக் கோணம் (குவியத்திலிருந்து பார்த்தால் அச்சுக்கும் டிஷ்ஷின் விளிம்புக்கும் இடையிலுள்ள கோணம்) 45 பாகை, அப்படியானால் விட்டம் 1.657 மீட்டர். சோல்டிரேஸ் கேட்பது குவியத் தூரத்தை அல்ல, வளைவை. அது 1/(2f), ஆக இங்கே 0.5. சூரிய வடிவம் பில்பாக்ஸ், அதாவது தட்டு முழுக்க ஒரே பிரகாசம், அரைக்கோணம் 4.65 மில்லிரேடியன். எதிரொளிப்பு 1, பிழைகள் எல்லாம் பூஜ்யம், டிஎன்ஐ, அதாவது சூரியனுக்கு நேர்முகமாக வைத்த ஒரு சதுர மீட்டரில் விழும் நேரடி வெயில், 1000 வாட்.

இதற்கு வர வேண்டிய விடை என்ன? மொத்தத் திறன் 2156 வாட். குவியத்தின் நடுவில் 9.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் முழுக்க ஒரே அளவில், ஏறத்தாழ 23,100 சூரியன்கள், அதாவது நேர் வெயிலைப் போல் அத்தனை மடங்கு. அதைத் தாண்டினால் சரிந்துகொண்டே போய் 15.4 மில்லிமீட்டர் விட்டத்தில் சுத்தமாக நின்றுவிட வேண்டும். குவியத்தில் 20 மில்லிமீட்டர் சதுரத் தகடு ஒன்றை, முகம் டிஷ்ஷைப் பார்த்தபடி வைத்து, ஃபிளக்ஸ் மேப்பை (எந்த இடத்தில் எவ்வளவு ஒளித்திறன் விழுகிறது என்ற படம்) 20க்கு 20 கட்டமாகப் பிரித்துப் பார்த்தேன், ஒரு கட்டம் ஒரு சதுர மில்லிமீட்டர். 10,000 கதிர் விட்டபோது மொத்தத் திறன் சரியாக வந்தது, ஆனால் நடுவில் சமதளம் இருக்க வேண்டிய இடத்தில் பல் பல்லாக மேடு பள்ளம், உச்ச ஃபிளக்ஸ் எதிர்பார்த்ததைவிட இருபது சதவீதத்துக்கும் மேலே.

இது மென்பொருளின் கோளாறு இல்லை. கதிர்களைத் தற்செயலாகத் தூவிக் கணக்கிடும் மான்டி கார்லோ முறையில் ஒரு கட்டத்தில் விழும் கதிர்களின் எண்ணிக்கை N என்றால், அதன் தடுமாற்றம் ரூட் N. நடுக் கட்டம் ஒவ்வொன்றிலும் மொத்தத்தில் ஒரு சதவீதம் விழுகிறது, அதாவது நூற்றுச் சொச்சம் கதிர், ஆக பத்து சதவீதம் ஆடும். உச்சம் என்று காட்டப்படுவதோ இருக்கிற கட்டங்களிலேயே பெரியது, அதாவது அதிர்ஷ்டம் அதிகம் அடித்த கட்டம். எனவே கதிர் குறைவாக இருந்தால் உச்சம் எப்போதும் மேல்நோக்கித்தான் பொய் சொல்லும். பத்து லட்சம் கதிருக்கு ஏற்றியதும் தடுமாற்றம் ஒரு சதவீதத்துக்கு இறங்கி, நடுவில் மேசை மாதிரி தட்டையாக நின்றது. படத்துக்குப் பக்கத்திலேயே உச்ச ஃபிளக்ஸின் நிச்சயமின்மை இத்தனை சதவீதம் என்று போடுகிறார்கள், அதைப் பார்க்காமல் உச்ச எண்ணை மட்டும் எடுத்து அறிக்கையில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டத்தைப் பொடிப்பொடியாக நறுக்க ஆசைப்பட்டால் கதிரையும் அதற்கேற்ப ஏற்றியாக வேண்டும்.

அடுத்தது ஹீலியோஸ்டாட், அதாவது சூரியனைப் பின்தொடர்ந்து, கோபுரத்தின் மேல் வெயிலை வாங்கும் ரிசீவருக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடி. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் 'எய்ம் பாயின்ட்' என்று மூன்று எண் கேட்கும். பெயரைக் கேட்டால் ஒளி போய்ச் சேர வேண்டிய இடம் என்றுதான் தோன்றும். உண்மையில் அது கண்ணாடியின் இசட் அச்சு, அதாவது கண்ணாடியின் முகத்துக்குச் செங்குத்தான கோடு, எந்தப் புள்ளியைப் பார்க்கிறது என்பது. கண்ணாடி ஆதிப்புள்ளியில், ரிசீவர் (0, 60, 80)ல், சூரியன் நேர் தலைக்கு மேலே என்று வையுங்கள். ரிசீவர் திசை (0, 0.6, 0.8), சூரியத் திசை (0, 0, 1). இரண்டையும் கூட்டினால் (0, 0.6, 1.8), ஆக எய்ம் பாயின்டாக (0, 1, 3) என்று கொடுத்தால் போதும், நீளம் எதுவானாலும் பரவாயில்லை. இதற்குப் பதில் ரிசீவரின் ஆயத்தொலைவையே போட்டால், கோபுரம் இருக்கும் தூரத்தில் கதிர் 17.5 மீட்டர் உயரத்தில் அடிக்கும், 80ல் இருக்கிற ரிசீவரில் ஒன்றும் விழாது. சூரியன் நகர்ந்தால் இந்த எண்ணும் மாறும் என்பதால், கையால் அடிக்காமல் ஸ்கிரிப்டில் எழுதிவிடுவதே நல்லது. செவ்வகக் கண்ணாடி என்றால் இசட் சுழற்சியையும் கவனியுங்கள், எய்ம் பாயின்ட் திசையை மட்டும்தான் தீர்மானிக்கிறது, கண்ணாடி தன் அச்சில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது தனி எண்.

உறுப்புகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து வைக்கும் ஸ்டேஜ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கதிர்கள் முதல் ஸ்டேஜை முடித்த பிறகுதான் இரண்டாவதற்குப் போகும், திரும்பி வராது. கண்ணாடியை முதலிலும் ரிசீவரை இரண்டாவதிலும் வைத்தால் ஓட்டம் வேகமாக இருக்கும், ஆனால் ரிசீவரின் நிழல் கண்ணாடியில் விழுவது கணக்கில் வராது. மேலே சொன்ன டிஷ்ஷில் 20 மில்லிமீட்டர் தகட்டுக்கு அது பொருட்டே இல்லை. அங்கே 30 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டால் திறப்பில் மூன்று சதவீதத்துக்கும் மேல் மறையும். அப்போது இரண்டையும் ஒரே ஸ்டேஜில் போட்டு, ஒரு கதிர் பல முறை மோதலாம் என்ற தேர்வையும் இயக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் கைக்கணக்கோடு ஒத்துப்போன பிறகுதான் பிழைகளைச் சேர்த்தேன். சாய்வுப் பிழையும் (கண்ணாடி முகத்தின் கோணம் பிசகுவது) பளபளப்புப் பிழையும் (முகம் வழவழப்பாக இல்லாததால் ஒளி சிதறுவது) ஒரே எடையில் கூடுவதில்லை: மொத்தத்தின் வர்க்கம், சாய்வுப் பிழையின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கோடு பளபளப்புப் பிழையின் வர்க்கத்தைக் கூட்டியது. கண்ணாடி ஒரு பங்கு சாய்ந்தால் கதிர் இரண்டு பங்கு திரும்புகிறதே, அந்த இரண்டின் வர்க்கம்தான் நான்கு. சாய்வு 2, பளபளப்பு 0.5 மில்லிரேடியன் என்றால் மொத்தம் 4 சொச்சம், சூரியனின் அரைக்கோணத்தையே கிட்டத்தட்ட எட்டிவிடும். அளந்த எண் ஒன்றைப் பிறர் அறிக்கையிலிருந்து எடுக்கும்போது, அது சாய்வா, திரும்பிய கதிரின் விலகலா என்று பார்த்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மடங்கு தவறும்.

என் சொந்த வேலை பரவளையத் தொட்டி. அதற்கு முன் எல்எஸ்-3 என்ற பெயருள்ள தொட்டி மாடலின் அளவுகளை ஏற்றினேன்: திறப்பு 5.76 மீட்டர், குவியத் தூரம் 1.71 மீட்டர், குழாய் விட்டம் 70 மில்லிமீட்டர். ஒரு திசையில் வளைவு 0.2924, மற்றதில் பூஜ்யம். எதிரொளிப்பு 0.94 என்றால் நீளத்தில் மீட்டருக்கு 5.4 கிலோவாட் வர வேண்டும், வந்தது. சூரியனை நீளவாக்கில் 30 பாகை சாய்த்ததும் குழாயின் ஒரு முனையில் ஒரு மீட்டர் அளவுக்கு ஒளியே விழவில்லை, 1.71ஐ டான் 30ஆல் பெருக்கினால் வருவதும் 0.99 தான்.

இப்போது பைத்தானிலிருந்து கோணத்தை மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) -1 என்று விட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் எண் கொஞ்சம் மாறும். அதே கணக்கைப் பின்னால் ஓட்டிச் சரிபார்க்க வேண்டுமென்றால் அதை ஒரு நிலையான எண்ணாக வைத்து, கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பது வசதி.