அளவு பிசகிய மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் நடத்துவது எப்படி

அமெரிக்காவில் வார இறுதி லீக்குகள் பலவும் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, சிறிய திடலில் ஆடும் ஆட்டம்) திடல்களிலும் பள்ளி மைதானங்களிலும்தான் ஓடுகின்றன. வேலி கிட்டத்தில் இருக்கும், பந்து வீசும் பிட்ச்சர் நிற்கும் மேடு இருக்காது, எல்லைக்குள் ஒரு மரம் நிற்கும். அதற்காக ஆட்டத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: ஓட்டக்காரர் தொட்டு ஓடும் நான்கு பேஸ்களுக்கு உள்ளே தூரம் பிசகக் கூடாது. அதற்கு வெளியே இருப்பதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், முதல் பந்து வீசுவதற்கு முன்பே.

எல்லா அளவும் ஹோம் பிளேட்டின் (பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த ஐங்கோணத் தகடு; நான்காவது பேஸும் இதுதான்) பின்கூர்முனையிலிருந்து தொடங்கும். அங்கிருந்து இரண்டாம் பேஸ் பக்கமாக டேப்பை இழுத்து, 127 அடி 3⅜ அங்குலத்தில் ஓர் ஆணி அடியுங்கள். பிளேட் முனையிலிருந்து 90 அடி, ஆணியிலிருந்து 90 அடி என இரண்டு டேப்பை வலப்பக்கம் இழுத்தால் அவை சந்திக்கும் இடம் முதல் பேஸ். இடப்பக்கம் மூன்றாம் பேஸ். பேஸைக் குறிக்கும் இந்த இரண்டு பைகளும் அந்தப் புள்ளிக்கு உட்புறமாக முழுதும் அடங்க வேண்டும். இரண்டாம் பேஸ் பைக்கு மட்டும் நடுமையம் ஆணியின் மேல் வரும். பிட்ச்சர் கட்டையின் (வீசும்போது அவர் கால் வைப்பது) முன்விளிம்பு பிளேட் முனையிலிருந்து 60 அடி 6 அங்குலம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: டேப்பைப் பிளேட்டின் முன்விளிம்பில் வைத்துவிடுகிறார்கள். பிளேட்டின் நீளம் 17 அங்குலம். கட்டை அவ்வளவு தூரம் பின்னால் போய்விடும். பிட்ச்சரின் பந்து தாழ்ந்துகொண்டே வரும், காரணம் யாருக்கும் பிடிபடாது.

மேட்டின் உயரம் பிளேட் மட்டத்திலிருந்து 10 அங்குலம். கட்டைக்கு 6 அங்குலம் முன்னால் சரிவு தொடங்கி, அடிக்கு ஓர் அங்குலமாக 6 அடிக்கு இறங்க வேண்டும். இதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 6 அடி நேர்ப்பலகை ஒன்றின் ஒரு முனையில் 6 அங்குலக் கால் பொருத்துங்கள். கால் இல்லாத முனையைச் சரிவு தொடங்கும் இடத்தில் வைத்து, கால் உள்ள முனையைப் பேட்டர் பக்கம் நீட்டிப் பலகை மேல் ரசமட்டம் வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் சரிவு சரி. சாஃப்ட்பால் திடலில் மேடே இருக்காது. தூக்கி வைக்கும் மேடு கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் இரு அணியும் சமதரையிலேயே வீசட்டும். அதைவிடத் தொல்லை, பிட்ச்சரின் முன்கால் விழும் குழி. தளர்ந்த மண்ணை அள்ளிப் போட்டால் ஓர் இன்னிங்ஸ்கூடத் தாங்காது. உதிரியை வழித்தெடுத்து, லேசாக நனைத்து, களிமண் இட்டு இடிகட்டையால் கெட்டிப்படுத்த வேண்டும்.

இனி வேலி. விதிப்படி ஹோம் பிளேட்டிலிருந்து 250 அடிக்கும் குறைவான இடத்தில் வேலியைத் தாண்டிப் பறக்கும் பந்து ஹோம் ரன் (நான்கு பேஸையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்) அல்ல, பேட்டருக்கு இரண்டு பேஸ்தான். இது தெரியாமல் 200 அடி சாஃப்ட்பால் வேலியை வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஸ்கோரை ஏற்றிக்கொண்டே போவார்கள். பெரிய ஆட்டங்களிலும் குட்டை வேலிச் சிக்கல் உண்டு. 1958 முதல் 1961 வரை டாட்ஜர்ஸ் அணி ஆடிய லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியத்தில் இடப்பக்க வேலி சுமார் 250 அடிதான். 40 அடிக்கும் மேலான வலை கட்டிச் சமாளித்தார்கள். இடக்கை பேட்டர் வாலி மூன் அந்த வலைக்கு மேல் தூக்கித் தூக்கி அடித்தே பேர் வாங்கினார். 2019இல் லண்டன் ஸ்டேடியத்தில் நடுவேலி 385 அடி. யாங்கீஸ், ரெட் சாக்ஸ் அணிகள் ஆடிய இரண்டு ஆட்டங்களில் 50 ரன்கள் விழுந்தன. எல்லாப் பழியையும் வேலி மேல் போட முடியாதுதான்.

வேலியே இல்லாத திறந்தவெளியில் கூம்புகள் வைத்து எல்லை போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பந்து கூம்புகளுக்கு உள்ளே விழுந்ததா வெளியேவா என்று 300 அடிக்கு அப்பால் நின்று யார் சொல்வது? பக்கத்தில் வேறு ஆட்டம் நடக்காதவரை பந்தை ஓடவிடுங்கள், ஓட முடிந்தவர் ஓடட்டும்.

வேலிக்கடியில் புதர் இருந்தால் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதான வழக்கத்தைக் கடன் வாங்கலாம். அங்கே சுவர்க்கொடியில் பந்து சிக்கினால் ஃபீல்டர் இரு கையையும் தூக்குவார், அம்பயர் இரண்டு பேஸ் கொடுப்பார். கையை உள்ளே விட்டுத் துழாவினால் ஆட்டம் தொடர்கிறது என்று பொருள். மரக்கிளையில் பட்ட பந்துக்கும் முன்கூட்டியே முடிவு சொல்லிவிடுங்கள்: ஃபௌல் பகுதிக் (முதல், மூன்றாம் பேஸ் கோடுகளுக்கு வெளியே) கிளை என்றால் ஃபௌல், உட்பகுதிக் கிளை என்றால் இரண்டு பேஸ். 1984 மே 4 அன்று மினியாபொலிஸ் மெட்ரோடோமில் டேவ் கிங்மன் அடித்த பந்து கூரைத் துணியின் ஓட்டைக்குள் போய்த் திரும்பவே இல்லை. அதற்கும் இரண்டு பேஸ்தான் கிடைத்தது.

அந்த இரண்டு பேஸையும் பந்து வீசிய நேரத்தில் நின்ற இடத்திலிருந்து கணக்கிட வேண்டும், ஓட்டக்காரர் எல்லாருக்கும் அதே. முதல் பேஸில் நின்றவர் ஹோம் வரை ஓடி முடித்திருந்தாலும் மூன்றாவதுக்குத் திரும்ப வேண்டும். சண்டை பெரும்பாலும் இங்கேதான் மூளும்.

அணிகள் உட்கார வேலியிட்ட இடம் இல்லாவிட்டால், பிளேட்டுக்குப் பின்னாலுள்ள பின்வலையின் இரு முனையிலிருந்தும் சுண்ணாம்புக் கோடு இழுத்து அதற்கப்பால் பந்து செத்தது, அதாவது ஆட்டம் நிற்கும் என்று அறிவியுங்கள். இன்ஃபீல்டரின் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) முதல் எறிதல் கோட்டைத் தாண்டினால் பந்து வீசியபோது நின்ற இடத்திலிருந்து இரண்டு பேஸ். பிட்ச்சர் கட்டையில் நின்று வீசியது தாண்டினால் ஒன்று. கேட்ச் பிடித்த ஃபீல்டர் கோட்டுக்கு வெளியே போய்விட்டால் பேட்டர் அவுட், மற்ற ஓட்டக்காரருக்கு ஒரு பேஸ். பின்வலை 60 அடி தள்ளி இருப்பது நல்லது. 25 அடியில் இருந்தால் தவறிய பந்து பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கேட்ச்சரிடமே துள்ளி வரும். அதற்குத் தனி விதி வேண்டாம், இரு அணிக்கும் ஒரே வலைதான்.

இவற்றையெல்லாம் சொந்த மைதான மேனேஜர்தான் பிளேட்டருகே முன்வைக்க வேண்டும். எதிரணி மேனேஜர் ஒப்புக்கொண்டால் அது சட்டம். ஒப்பாவிட்டால் தலைமை அம்பயர் தீர்மானிப்பார். ஆனால் அவரும் அடிப்படை விதிக்கு முரணாக எதையும் சேர்க்க முடியாது. பேசியதை ஸ்கோர் தாளின் பின்புறம் எழுதிவிடுங்கள். கட்டை தவறான தூரத்தில் இருப்பது நடு ஆட்டத்தில் தெரியவந்தால், இரு அணியும் சம எண்ணிக்கையில் வீசியிருக்கும்படி முழு இன்னிங்ஸ் முடிந்த பிறகு மாற்றுங்கள். அதுவரை எடுத்த ரன்களைத் தொட வேண்டாம்.