வோயன்ஸ்ல ரெண்டு ராத்திரி, ஸ்ரீராமபுரத்துல ரெண்டு காலண்டர் தாள்

மாமாவுக்கு ஸ்பீட்வே பைக் ரேஸ் பித்து புடிச்சதுக்கு நான்தான் காரணம்னு அத்தை இன்னிக்கும் சொல்லுவாங்க. ஆனா நிஜமான காரணம் ஜாவா. மாமா பெங்களூரு ஜேசி ரோடு பக்கத்துல ஒரு சந்துல முப்பது வருஷமா எஸ்டி, ஜாவா பைக் மட்டுமே பாக்குற மெக்கானிக். மைசூர்ல ஐடியல் ஜாவா ஃபேக்டரி 1960ல ஆரம்பிச்சு 1996ல மூடுனது வரைக்கும் தேதியோட சொல்லுவார். ஒருநாள் போன்ல ஏதோ வீடியோ பாத்துட்டிருந்தேன், எட்டிப்பாத்தவர், டேய் தம்பி அந்த இஞ்சின்ல என்ன எழுதிருக்கு பாருன்னார். ஜாவான்னு இருந்துச்சு. செக் நாட்டுல அதே கம்பெனி ஸ்பீட்வேக்குன்னே தனியா வண்டி செஞ்சுது, ஐவன் மாகர் மாதிரி ஆளுங்க அதுல உலக சாம்பியன் ஆனாங்கன்னு நான் சொன்னதும் கையில இருந்த ஸ்பேனரை கீழ வெச்சுட்டு பக்கத்துல உக்காந்தார். அன்னிக்கு உக்காந்தவர்தான், சீசன் வந்துட்டா சனிக்கிழமை ராத்திரி எங்களுக்கு வேற வேலையே கிடையாது.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். நாலு பேரு, நாலு ரவுண்டு, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும், அதுக்கு பேரு ஹீட், ஒரு ராத்திரியில இப்படி நிறைய ஹீட். 500 சிசி ஒத்த சிலிண்டர், மெத்தனால்ல ஓடும், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. முட்டை வடிவ மண் டிராக், எப்பவும் இடது பக்கமா சுத்தறதுதான். திருப்பம் இடது பக்கம் போகும், முன் வீல் வலது பக்கம் திரும்பிருக்கும், பின் வீல் மண்ணை வாரி இறைச்சுக்கிட்டு சறுக்கிட்டே வரும், இடது கால்ல இரும்புல செஞ்ச ஷூ, அதை தரையில தேச்சுக்கிட்டே பேலன்ஸ் பண்ணுவாங்க. ஸ்டார்ட்டுக்கு குறுக்க டேப் கட்டிருக்கும், அது மேல எகிறுற அந்த கண நேரத்துல கிளட்ச்சை விட்டவன்தான் பாதி ஜெயிச்சவன், டேப்பை தொட்டா அந்த ஹீட்ல இருந்து வெளிய. முதல் ஆளுக்கு மூணு பாயிண்ட், அப்புறம் ரெண்டு, ஒண்ணு, கடைசிக்கு சைபர். ஹீட்டுக்கு அவ்ளோதான் கணக்கு.

அந்த கணக்கை மாமா எழுதுவார். டெய்லி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் ஸ்கேல் வெச்சு கட்டம் போட்டு, மேல சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள்னு ஹெல்மெட் கலர், உள்ள பேரு, ஓரத்துல பாயிண்ட். போலந்துலயும் இங்கிலாந்துலயும் ஸ்டேடியத்துல உக்காந்திருக்குற ரசிகர்கள் ப்ரோக்ராம் புக்ல பேனா வெச்சு இதையேதான் பண்ணுவாங்க, ஒவ்வொரு ஹீட் முடிஞ்சதும் எல்லா தலையும் ஒண்ணா குனியும். இதை நான் சொன்னப்போ மாமா முகத்துல வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை, டென்மார்க்ல வோயன்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல டேனிஷ் கிராண்ட் பிரிக்ஸ், உலக சாம்பியன்ஷிப்போட ஒரு ரவுண்டு, அந்த ராத்திரி எந்த இடத்துல முடிக்கிறாங்களோ அதுக்கு தகுந்த மாதிரி சீசன் பாயிண்ட். இங்க ஸ்ரீராமபுரத்துல ரெண்டு நாள்ல விநாயகர் சதுர்த்தி, தெரு முழுக்க பந்தல் போட்டுட்டிருந்தாங்க, கீழ மைக் டெஸ்ட் நடக்குது, மேல மாடியில லேப்டாப், நானு, மாமா, கடைப் பசங்க ரெண்டு பேரு. போலந்து பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் தான் அப்போ லீடிங், 2019, 2020, 2022ன்னு மூணு தடவை சாம்பியன் ஆயாச்சு, நாலாவதுக்கு கிட்ட வந்துட்டான், மாமா அவன் ரேஸ் போடுற கட்டம் எல்லாம் முன்னாடியே பேரெழுதி ரெடியா வெச்சுட்டார். பாத்தா நியூஸ் வருது, அவனை அன்னிக்கு மொத்த ரேஸ்ல இருந்தே தூக்கிட்டாங்க. காரணம் என்னன்னா குவாலிஃபையிங்ல அவன் போட்டுட்டு வந்த ரேஸ் சூட் விதிப்படி இல்லையாம். வண்டியில தப்பு இல்ல, இஞ்சின்ல தப்பு இல்ல, யாரையும் இடிக்கல, டேப்பை தொடல. சூட்டு.

நெட்ல அன்னிக்கு ராத்திரி நடந்த சண்டையை நான் வாழ்க்கையில மறக்க மாட்டேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், சாம்பியனுக்கு மட்டும் தனியா இருக்க முடியுமான்னு ஒரு கூட்டம், தப்புன்னா ஃபைன் போடு, ரேஸையே எதுக்குடா புடுங்குறேன்னு ஒரு கூட்டம், நான் டிக்கெட் வாங்கி இவனை பாக்கத்தானே வந்தேன்னு ஒரு கூட்டம். ஸ்வீடன்காரன் ஃப்ரெட்ரிக் லிண்ட்கிரென் தான் அவனுக்கு அடுத்து இருந்தான், அந்த ராத்திரிக்கு அப்புறம் வித்தியாசம் வெறும் ஆறு பாயிண்ட் ஆயிடுச்சு. எனக்கு லிண்ட்கிரெனை நெனச்சாலும் வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அவன் ஒருவேளை சாம்பியன் ஆகிருந்தா கடைசி வரைக்கும் சூட்டால கெடச்ச கப்புன்னுதான் ஊர் பேசிருக்கும், அத்தனை வருஷம் ஓட்டுனவனுக்கு அது நியாயமா சொல்லுங்க.

கடைப் பையன் ஒருத்தன் ரூல்னா ரூல் தானே மாமான்னு கேட்டான். மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "ஹெல்மெட் ஸ்ட்ராப் சரியில்லன்னா வெளிய அனுப்பு, நானே கைய புடிச்சு அனுப்புவேன், அது உயிரு. டேப்பை தொட்டா அனுப்பு, அது திருட்டு ஸ்டார்ட். துணி உயிரா, திருட்டா? ரெண்டும் இல்லல்ல. அப்ப காச புடுங்கு, ரேஸை விடு."

நானும் அதே கட்சிதான். ரசிகனுக்கு அவன் ஆளு தோக்கறது வலிக்கும், ஆனா தாங்கிக்குவான். மண்ணுல தோத்தா தாங்கிக்குவான். ரேஸே நடக்காம பேப்பர்ல தோக்கறதுதான் அவனால முழுங்க முடியாதது. அந்த ராத்திரி மாமா கட்டத்துல ஸ்மார்ஸ்லிக் பேரெழுதுன இடமெல்லாம் வெத்தா கெடந்துச்சு, ரிசர்வ் ஆளு வந்து ஓட்டுனான், மாமா அந்த பேரை அடிச்சு மாத்தல, அப்படியே விட்டுட்டார்.

இதே கோவத்தோட பெரிய அளவை பாக்கணும்னா 2015 வார்சாவை பாக்கணும். ஏப்ரல் 18, போலந்து நேஷனல் ஸ்டேடியம், ஐம்பதாயிரத்துக்கு மேல ஜனம், ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குள்ள லாரி லாரியா மண்ணு கொண்டுவந்து கொட்டி தற்காலிக டிராக். 2010ல சாம்பியன் ஆன டோமாஸ் கோலோப்புக்கு கிராண்ட் பிரிக்ஸ்ல வழியனுப்பு விழா மாதிரி அது, போலந்துக்காரங்களுக்கு கோலோப்னா நம்ம ஊர்ல எப்படி சொல்றது, வீட்டுல போட்டோ மாட்டுற அளவு. ஸ்டார்ட் டேப் மெஷின் மக்கர் பண்ணுது. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. டேப்பே இல்லாம ஸ்டார்ட் குடுத்து பாத்தாங்க, டிராக் வேற பெயர்ந்து குழி குழியா ஆயிடுச்சு, பன்னெண்டு ஹீட்டோட ரேஸை நிறுத்திட்டாங்க. அந்த ஸ்டேடியத்துல எழும்புன விசில் இருக்கே, சந்தோஷ விசில் இல்ல அது, அந்த ஊர்ல விசிலடிச்சா திட்டுறதுன்னு அர்த்தம். வீடியோவை பாத்தா இப்பவும் எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆகும்.

ஏன்னா எனக்கே அது நடந்திருக்கு. சில வருஷம் முன்னாடி பெங்களூருக்கு வெளிய ஒரு டர்ட் ரேஸ், ஆளுக்கு ஐநூறு ரூபா டிக்கெட், மாமாவும் நானும் காலைல ஆறு மணிக்கே எஸ்டில கெளம்பிட்டோம். முந்தின நாள் ராத்திரி மழை. டிராக்ல தண்ணி நிக்குது, ரைடர் பசங்க சூட்டெல்லாம் போட்டுக்கிட்டு கூடாரத்துக்குள்ள உக்காந்திருக்காங்க, ஸ்பீக்கர்ல பாட்டு மட்டும் ஓடுது, ரேஸ் உண்டா இல்லையான்னு சொல்ல ஒருத்தர் மைக் புடிக்கல. சாயங்காலம் நாலு மணிக்கு கேட்டை தொறந்து விட்டாங்க, அதுதான் அறிவிப்பு. காசு போனது கூட பரவால்ல. எங்களை மனுஷனா மதிச்சு வந்து ரெண்டு வார்த்தை சொல்லிருந்தா மாமா அவர்பாட்டுக்கு எழுந்து வந்திருப்பார், நல்ல மெக்கானிக், மழையில டிராக் என்ன ஆகும்னு அவருக்கு தெரியாதா.

ஆனா வார்சாவுக்கு 2016ல ஸ்பீட்வே திரும்ப வந்துச்சு, ஜனமும் திரும்ப வந்துச்சு. முந்தின வருஷம் விசிலடிச்சவங்கதான் வந்தாங்க. நாங்களும் அந்த டர்ட் ரேஸுக்கு அப்புறம் வேற ரேஸுக்கெல்லாம் போனோம். கோவப்படுற ரசிகனை பாத்து பயப்பட வேண்டியதே இல்லைங்க, அவன் நாளைக்கும் வருவான்.

2023ஓட மிச்ச கதை. செப்டம்பர் 30, போலந்து டோருன்ல சீசனோட கடைசி ரவுண்டு. இங்க அந்த வாரம் காவேரி பிரச்சனையில ரெண்டு பந்த், 26ம் தேதி பெங்களூரு பந்த், 29ம் தேதி கர்நாடகா பந்த், ரெண்டு நாளும் மாமா ஷட்டரை எறக்கிட்டு வீட்டுல இருந்தார், அத்தை ஊருக்கு போன் போட்டு நாங்க நல்லா இருக்கோம்னு எல்லாருக்கும் சொல்லிட்டிருந்தாங்க. சனிக்கிழமை ராத்திரி சவுண்டை கொறச்சு வெச்சு பாத்தோம். ஆறு பாயிண்டை காப்பாத்திட்டான், நாலாவது தடவை சாம்பியன். மாமா கத்தல, தெருவுல சத்தம் போட வேணாம்னு வாய பொத்திக்கிட்டு என் தோள்ல ஓங்கி அடிச்சார், மறுநாள் வரைக்கும் வலிச்சுது.

அப்புறம் 2024லயும் அவன்தான். அதுக்கப்புறம் வந்துச்சு 2025.

பிரேடி கர்ட்ஸ்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரன். சீசன் பாதி வரைக்கும் அவனை யாரும் சாம்பியன் கணக்குல வெச்ச மாதிரி தெரியல, திடீர்னு ஜெயிக்க ஆரம்பிச்சான், ஜெயிச்சான், ஜெயிச்சுக்கிட்டே இருந்தான், அடுத்தடுத்து நாலு கிராண்ட் பிரிக்ஸ். கடைசி ரவுண்டு செப்டம்பர் 13, எங்கன்னு பாத்தா மறுபடியும் வோயன்ஸ். மாமா அன்னிக்கு சாயங்காலமே போன் பண்ணி, சூட்டு சரியா போட்டுட்டானா பாருன்னு என்கிட்ட கேட்டார். விளையாட்டுக்கு கேக்கல, குரல்லயே தெரிஞ்சுது. பாத்து சொன்னேன்.

அன்னிக்கு மாடியில பதினோரு பேரு இருந்தோம். ஜாவா வண்டி வெச்சிருக்குற மாமாவோட பழைய கஸ்டமருங்க, எதிர் வீட்டு கன்னடக்காரர், அவர் பையன் கர்ட்ஸ் கட்சி. ஒவ்வொரு ஹீட்டுக்கும் நாலு ரவுண்டு எல்லாரும் மூச்சை புடிச்சுக்கிட்டு, டிராக்டர் வந்து மண்ணை சமன் பண்ணும்போது மட்டும் டீ. மாமா தாள்ல கூட்டல் போடுறார், எதிர் வீட்டு பையன் போன்ல போடுறான், ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாத்துக்கறாங்க. கடைசியில ரவுண்டை கர்ட்ஸ்தான் ஜெயிச்சான், வரிசையா அஞ்சாவது. அவன் கையில இருந்தது அவ்ளோதான், அதை முழுசா பண்ணிட்டான். ஆனா சீசன் மொத்தக் கணக்குல ஸ்மார்ஸ்லிக் ஒரே ஒரு பாயிண்ட் மேல. ஆறாவது பட்டம். ஐவன் மாகரும் ஸ்வீடன் டோனி ரிக்கார்ட்சனும் வெச்சிருக்குற அதே ஆறு.

ஒரு பாயிண்ட்னா என்னன்னு யோசிங்க. மேயோ ஜூனோ, ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு ஹீட்ல, மூணாவதா வந்துட்டிருந்தவன் கடைசி திருப்பத்துல உள்பக்கம் புகுந்து ரெண்டாவதா வந்து, அதால அன்னிக்கு ராத்திரி ஒரு இடம் மேல முடிச்சிருப்பான்ல, அது. அன்னிக்கு யாரும் கை கூட தட்டிருக்க மாட்டாங்க.

எதிர் வீட்டு பையன் அழுதுட்டான், பன்னெண்டு வயசு. மாமா அவன் பக்கத்துல போய் உக்காந்து கன்னடத்துல ஏதோ சொன்னார், எனக்கு முழுசா கேக்கல, அஞ்சு ரேஸ், அஞ்சு ரேஸ்னு விரல் விட்டு எண்ணுனது மட்டும் பாத்தேன். அவன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு அடுத்த வருஷம் பாருங்க அங்கிள்னான். பாப்போம்டா, இங்கயே வாடான்னார்.

அந்த ரெண்டு காலண்டர் தாளும் இப்ப மாமா கடையில இருக்கு, கார்புரேட்டர் ஜெட் போட்டு வெச்சிருக்குற டப்பா மேல, பிளாஸ்டிக் கவர்ல. 2023 தாள்ல வெத்து கட்டம் அப்படியே இருக்கு. 2025 தாள்ல ஒரு ஓரத்துல கிரீஸ் கை பட்டு கறை, நடுவுல பால்பாயிண்ட் பேனாவால ரெண்டு தடவை வட்டம் போட்ட ஒண்ணு.