பேச்சு தோற்றால் பழி யாருக்கு?

தகவல் தொடர்பியல் பாடநூல் எதைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு படம் வந்துவிடும். இடப்பக்கம் ஒரு கட்டம், வலப்பக்கம் ஒரு கட்டம், இரண்டையும் இணைக்கும் அம்புக்குறிகள், நடுவில் குறுக்கே வந்து பாயும் ‘இரைச்சல்’ என்னும் இன்னொரு கட்டம். மருந்தாளுநர் வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் இதழியல் படித்த நாள்களில் இந்தப் படத்தைத் தேர்வுக்காகப் பலமுறை வரைந்து பழகியிருக்கிறேன். தேர்வு முடிந்த பிறகு, எந்த மாதிரியை யார், எந்தக் கவலையில் வரைந்தார் என்று நிதானமாகத் தேடிப் படித்தபோதுதான் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கென்று ஒரு கேள்வி அமைந்தது. ஒருவர் சொன்னது இன்னொருவரிடம் போய்ச் சேராதபோது, இந்த மாதிரி யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது?

முதல் படத்தை வரைந்த கிளாட் ஷானன், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கணிதவியலாளர். 1948ஆம் ஆண்டு ஜூலையிலும் அக்டோபரிலுமாக, அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் இரு பகுதிகளாக வெளிவந்த கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் மிகவும் குறுகியது: ஒரு முனையில் தேர்ந்தெடுத்த செய்தியை, வழியில் சேரும் இரைச்சலையும் மீறி, மறுமுனையில் மீட்டெடுப்பது எப்படி? அந்தச் செய்திக்குப் பொருள் உண்டா, இருந்தால் அது என்ன என்பவையெல்லாம் இந்தப் பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பற்றவை என்று அவரே தொடக்கத்தில் எழுதிவிட்டார். போவது சாவுச் செய்தியா, வெங்காய விலையா என்பது கம்பிக்கு ஒன்றுதான். அவருடைய கணக்கில் தகவலின் அளவு என்பது எதிர்பாராமையின் அளவு. கேட்பவருக்கு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்ததைத் திரும்பச் சொன்னால் அதில் தகவல் சுழியம். எழுத்து ஆங்கிலத்தில் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகை, அதாவது விடுபட்டாலும் மற்றதைக் கொண்டு ஊகித்துவிடக்கூடியது என்றும் அவர் மதிப்பிட்டார். அந்த மிகைதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்பது அலைபேசியில் பேசும் எவருக்கும் தெரியும்: ‘நான் நாளைக்கு வருகிறேன்’ என்பதில் ‘நான்’ அறுந்துபோனாலும் வினைமுற்றின் விகுதியே வருபவர் யார் என்று சொல்லிவிடுகிறது.

ஷானன் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. தம் எல்லையை அவரே கோடு போட்டுக் காட்டிவிட்டார். அடுத்த ஆண்டே வாரன் வீவர் என்ற இன்னொரு கணிதவியலாளர் அந்தக் கோட்டைத் தாண்டினார். குறியீடு துல்லியமாகப் போய்ச் சேர்ந்ததா, நினைத்த பொருள் புரிந்ததா, விரும்பிய விளைவு நடத்தையில் வந்ததா என்று மூன்று படிகளைப் பிரித்து, முதல் படிக்கு எழுதப்பட்ட கோட்பாடு மற்ற இரண்டுக்கும் வழிகாட்டக்கூடும் என்று அவர் எழுதியதிலிருந்துதான் தொலைபேசிக் கம்பிக்கான படம் மனிதப் பேச்சுக்கான படமாக மாறத் தொடங்கியது. அப்படி மாறியதும் பழி இரண்டே இடங்களில் விழுந்தது. ஒன்று, வழியில் இரைச்சல். மற்றொன்று, வாங்கும் கருவியில் பழுது. பின்னால் 1960இல் டேவிட் பெர்லோ, அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்று நான்கு தூண்களை நிறுத்தி, அனுப்புநர், பெறுநர் ஆகிய இருவரின் கீழும் திறன், மனப்பாங்கு, அறிவு போன்றவற்றைப் பட்டியலிட்டார். பாடம் நடத்த வசதியான மாதிரி. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அதே 1948இல் அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் எழுதிய வாய்பாடு வேறு கவலையிலிருந்து பிறந்தது. யார், எதை, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்ற அந்த ஐந்து கேள்விகளைக் கேட்டவர், முதல் உலகப் போரின் பரப்புரையைப் பற்றி 1927இலேயே நூல் எழுதியவர். மக்கள் கூட்டத்தைச் சொற்களால் திருப்ப முடியுமா என்பதே அந்தத் தலைமுறையின் அச்சம். ஆனால் அந்த அச்சத்துக்கு எதிரான சான்று அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 600 பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்துப் பேசினார்கள். செய்தித்தாளும் வானொலியும் வாக்குகளை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கப் போனவர்களுக்கு, மாறியவர்கள் சிலரே என்பதும், அவர்களிடத்தும் ஊடகத்தைவிட அக்கம்பக்கத்து மனிதர்களின் பேச்சே அதிகம் வேலை செய்திருக்கிறது என்பதும் தெரியவந்தன. ஊடகத்திலிருந்து ஊரில் விவரமறிந்த சிலருக்கும், அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கும் செய்தி இரண்டு கட்டமாகப் பாய்கிறது என்ற கருத்து அதிலிருந்து பிறந்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் ‘ரேடியோ நெல்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1960களின் நடுப்பகுதியில் பரவிய ஏடிடீ 27 என்ற குறுகிய கால நெல் ரகத்துக்கு, திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்புகளைக் கேட்டு அதைப் பயிரிட்ட உழவர்களே வைத்த பெயர் அது. ஒலிபரப்பின் வெற்றிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம் என்று எழுதுவோர் உண்டு. நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சையில் 1960 முதலே நடந்துவந்தது. அதன்வழி விதையும் உரமும் கடனும் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. வானொலி சொன்னதை வரப்பில் நின்று விளக்க கிராம சேவகர்கள் இருந்தார்கள். முதலில் போட்டுப் பார்த்தவரின் வயல் கண்ணெதிரே இருந்தது. பெயர் வானொலிக்குப் போனது. வேலையை ஊரே சேர்ந்து செய்தது.

என் அன்றாட வேலைக்கு மிக நெருக்கமாக வருவது வில்பர் ஷ்ராம் 1954இல் வரைந்த படம். இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒருவருடைய அனுபவ வெளி. இரண்டும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அந்த அளவுக்குத்தான் பேச்சு கைகூடும். படியாத இடத்தில் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் போய்ச் சேராது. ஒரு நாள் மருந்து வழங்கும் சன்னலுக்கு வந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை என்று மருத்துவர் எழுதியிருந்தார். மாத்திரை உறையிலும் அப்படியே குறிக்கப்பட்டிருந்தது, வாயாலும் சொல்லப்பட்டது, அவரும் ஒரு நாள் தவறாமல் அப்படியே சாப்பிட்டார். இருந்தும் வயலில் களை பறிக்கும்போது கை நடுங்கி, வேர்த்து, மயங்கி விழுந்தார். விசாரித்தபோது விடை எளிதாக இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு தேநீரோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார். தூக்குச்சட்டியைத் திறந்து அவர் சாப்பிடுவது பதினொரு மணிக்கு. காலை என்றால் எட்டு மணி இட்லி என்று எண்ணியவர் எழுதிய குறிப்பு, பதினொரு மணிக்குப் பழைய சோறு உண்பவரிடம் எழுத்துப் பிசகாமல் சேர்ந்திருக்கிறது. ஷானனின் அளவுகோலில் இது குறையே இல்லாத பரிமாற்றம். பெர்லோவின் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் யாருடைய திறனிலும் குறை காண முடியாது. ஷ்ராமின் படம் மட்டுமே, பழியை ஆள்மேல் போடாமல், இரண்டு வட்டங்களுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தைக் காட்டுகிறது.

ஆனால் அந்தப் படத்திலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்த அம்மா ஏன் மருத்துவரிடமே, ‘நான் பதினோரு மணிக்குத்தாங்க சாப்பிடுவேன்’ என்று சொல்லவில்லை? மருத்துவர் ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் ‘சரிங்க’ என்பதைத் தவிர வேறு விடைக்கு அந்த அறையில் இடமில்லை. என்னிடம் வந்தால் ஒன்றிரண்டு கேட்பார்கள். வெளியே தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பணியாளரிடம்தான் எல்லாவற்றையும் கேட்பார்கள். யார் யாரிடம் எங்கே எதைச் சொல்லலாம் என்பது, வாய் திறப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. இதைத் தொல்காப்பியச் செய்யுளியல் ஓர் உறுப்பாகவே எண்ணியிருக்கிறது. செய்யுளின் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றோடு ‘முன்னம்’ என்பதும் ஒன்று: ‘இவ்விடத்து இம்மொழி இவர்இவர்க்கு உரியவென்று, அவ்விடத்து அவரவர்க்கு உரைப்பது முன்னம்.’ அங்கே பேசப்படுவது கவிதையின் இலக்கணம்தான்; மருத்துவமனைச் சன்னல் அல்ல. இதைக் கையில் வைத்துக்கொண்டு ‘எல்லாவற்றையும் நாமே முதலில் சொன்னோம்’ என்று மேடையேறுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. என்றாலும், கேட்பவரையும் இடத்தையும் உரிமையையும் பேச்சுக்கு வெளியே நிற்கும் சூழலாகக் கருதாமல் அதன் உறுப்பாகவே எண்ணியது, 1948ஆம் ஆண்டுக் கட்டங்களில் இல்லாத பார்வை என்பதில் ஐயமில்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு ‘புரிந்ததா’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘இதை வீட்டில் போய் எப்படிச் சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்கு?’ என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்கிறேன். மருத்துவக் கல்வியில் இதற்குத் தனிப் பயிற்சியே உண்டு. கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் தானியங்கிக் கருவிகளை ஆராய்ந்து 1948இல் பரப்பிய, விளைவைப் பார்த்து அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் பின்னூட்டம் என்ற கருத்தின் வீட்டு வடிவம் இது என்று வைத்துக்கொள்ளலாம். சன்னலுக்கு வெளியே வரிசை நீளும்போது இது முடிவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதுவரை பார்த்த எல்லா மாதிரிகளும் ஒன்றில் உடன்படுகின்றன: கேட்பவர் சொன்னவரோடு ஒத்துப்போவதுதான் வெற்றி. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதிய கட்டுரை இந்த உடன்பாட்டைத்தான் உடைக்கிறது. தொலைக்காட்சி தரும் செய்தியைப் பார்வையாளர் சொன்னவர் நினைத்தபடியே ஏற்கலாம். பாதி ஏற்றுத் தமக்குத் தக்கபடி பேரம் பேசலாம். நன்றாகப் புரிந்துகொண்டே எதிர்த்தும் வாசிக்கலாம். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வாசகமும் தலைகீழான சிவப்பு முக்கோணமும் சுவர் சுவராக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அளவான குடும்பமே நல்லது என்று ஏற்றவர்கள் இருந்தார்கள். ‘சரிதான், ஆனால் ஓர் ஆண்பிள்ளை பிறக்கட்டும்’ என்றவர்களும் இருந்தார்கள். ‘பிள்ளைகளில் எது நிலைக்கும் என்று தெரியாதபோது, கடைசி காலத்தில் கஞ்சி ஊற்ற இரண்டு போதும் என்று இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?’ என்று கேட்டவர்களுக்கும் அந்தச் சுவரெழுத்து முழுமையாகவே புரிந்திருந்தது. புரியாததால் மறுக்கிறார்கள் என்று அவர்களைப் பற்றி எழுதுவதுதான் பிழை. அரசுச் சுற்றறிக்கைகளில் ‘விழிப்புணர்வின்மை’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், பழுதான வாங்கு கருவியாக மனிதரைப் பார்க்கும் அந்தப் பழைய படமே எனக்குத் தெரிகிறது.

இன்னும் ஒரு பார்வை உண்டு. அதில் பழி என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்கத் தகவல் தொடர்பியல் அறிஞர் ஜேம்ஸ் கேரி 1975இல், தகவல் தொடர்பைச் செய்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பதாகப் பார்ப்பது ஒரு வகை, சடங்காகப் பார்ப்பது இன்னொரு வகை என்று பிரித்தார். துக்க வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்கிறார். வரும் வழியிலேயே எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். வீட்டுக்காரர், ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டார், நாலு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது என்று அதே வரிசையில், அதே சொற்களில், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். ஷானனின் கணக்கில் இங்கே கைமாறிய தகவல் சுழியம். ஆனால் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனவரைப் பற்றி அந்த வீட்டில் பல ஆண்டுகள் பேசுவார்கள். பயனற்றது என்று நாம் கேலி செய்யும் வாட்ஸ்அப் காலை வணக்கங்களிலும் ஒரு பகுதி இந்த வகைதான், எல்லாமும் அல்ல.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது இந்த மாதிரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்முன் வந்து நின்றன. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும், முன்பு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், ஒரு தவணை என்பது திட்டம். பெரும்பாலும் பள்ளிகளில் வைத்துப் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். இயக்கத்தின் காலக்கெடுவை நீட்டிக்க நேர்ந்தது. வதந்தியே காரணம் என்று எழுதினார்கள்; அதாவது, இரைச்சல். வதந்தி இருந்தது உண்மை, அதில் பொய் இருந்ததும் உண்மை. ஆனால் என் சன்னலில் வந்து நின்றவர்கள் கொண்டுவந்தவை பெரும்பாலும் கேள்விகள். ‘எம்புள்ளைக்குக் கைக்குழந்தையிலயே போட்டாச்சே, மறுபடி எதுக்கு?’ என்றார் ஒருவர். முதல் தவணை எல்லாக் குழந்தைகளிடத்தும் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிடுவதில்லை, விடுபட்ட பிள்ளைகளையும் சேர்த்து ஒரே வீச்சில் போட்டால்தான் நோய் சுற்றுவது நிற்கும் என்று சொன்னேன். ‘அதை எங்க கிட்ட கேட்டுட்டு, பள்ளிக்கூடத்துல இல்லாம இங்க போட்டிருக்கலாமே’ என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. கையிலிருந்த சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, ‘நீங்க சொல்றது சரிதாங்க, எதுக்கும் எங்க நாத்தனாரைக் கேட்டுட்டு வந்துடறேன், அவங்க அங்கன்வாடியில இருக்காங்க’ என்று கிளம்பினார். மறுநாள் பிள்ளையோடும் வந்தார், நாத்தனாரோடும் வந்தார். நாத்தனார் என்னிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார்.