தம்பி தனியாகக் கடைக்குப் போவானா?

அப்பா இருந்தவரை உதவித்தொகை பற்றி வீட்டில் பேச்சே எடுக்க முடியாது. "என் பிள்ளைக்கு நான் இருக்கேன்" என்பார், அத்தோடு முடிந்தது. அவர் போன பிறகுதான் அறிவுசார் குறைபாடு உள்ள தம்பிக்காக நானும் அம்மாவும் அலைய ஆரம்பித்தோம். பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். கைக்கு வர ஒன்பது மாதம் ஆனது. எந்தத் தாள் எதற்கு என்று புரிந்துகொள்வதிலேயே அதில் பாதி போய்விட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன என்பதே எங்களுக்குத் தெரியாது. வருவாய்த் துறை தாலுகா ஆபீஸ் வழியாகத் தருவது ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. அறிவுசார் குறைபாடு 40 சதவீதம் இருந்தாலே நலத்துறைப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். கை கால் பாதிப்பு போன்றவற்றுக்கு 75 சதவீதம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி தாலுகா ஆபீஸில் இரண்டு நாள் நின்றோம். மூன்றாம் நாள் அங்கிருந்த எழுத்தர் ஒருவர் எங்கள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க வர வேண்டிய இடமே இது இல்லம்மா" என்று கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பினார்.

நலத்துறை அலுவலகத்தில் தம்பியின் பழைய அட்டையை நீட்டினேன். ஒன்பது வயதில் எடுத்தது. "மனவளர்ச்சி குன்றியவர், 50 சதவீதம்" என்று மை மங்கிக் கிடந்தது. அறிவுசார் குறைபாட்டுக்குப் பழைய பெயர் அது. அவனுக்கு இப்போது இருபது. அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டுமாம். பதினெட்டில் வாங்குவதுதான் ஆயுளுக்கும் செல்லும். ஆக, மறுபடி மருத்துவ முகாம்.

அந்த முகாமைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். உளவியலாளர் ஓர் இளம்பெண். தம்பியிடம் கொஞ்சம் பேசினார், படங்களைக் காட்டினார். அப்புறம் அம்மாவிடம் திரும்பி வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். தானாகச் சாப்பிடுவானா? தானாகக் குளிப்பானா? சட்டை பட்டன் போடுவானா? தனியாகக் கடைக்குப் போவானா?

அம்மா எல்லாவற்றுக்கும் "ஓ, போவானே", "நல்லாச் செய்வானே" என்றார். குரலில் பெருமை. இருபது வருஷமாக "உன் பையனுக்கு என்ன தெரியும்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்வது போல இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்போது இருந்த 2018-ஆம் வருஷத்து மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, அன்றாட வேலைகளை எவ்வளவு தானாகச் செய்கிறான் என்று காட்டும் சமூக முதிர்ச்சி மதிப்பெண்ணை இந்தக் கேள்விகளில் எடுத்து, அதை வைத்துத்தான் குறைபாட்டின் சதவீதம் போட்டார்கள். 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதம். 70-ஐத் தொட்டுவிட்டால் 25 சதவீதம்தான், உதவித்தொகை கிடையாது.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, கடைக்குப் போறான்னு சொன்னீங்களே, என்ன வாங்குவான்?"

"டீ வாங்கிட்டு வருவான். தூக்குல."

"காசு எண்ணிக் குடுப்பானா? மிச்சம் பார்த்து வாங்குவானா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். அவன் கிளம்பியதும் டீக்கடை அண்ணனுக்கு போன் போட்டுவிடுவோம். காசை மாதக் கடைசியில் நான் கொடுப்பேன். தெருவைக் கடக்கும்வரை அம்மா வாசலிலேயே நிற்பார். குளிப்பது என்றால், தண்ணீர் விளாவி வைத்து, சோப்பை எடுத்துக் கொடுத்து, "முதுகு, முதுகு" என்று வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"அதைத்தாம்மா நான் கேக்கறேன்" என்றார். மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை அம்மா மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். முகாமுக்குப் போகிறவர்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். ஒரு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தால் எங்களுக்கு இவ்வளவு தடுமாற்றம் இருந்திருக்காது.

50 சதவீதம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யும் வந்தது, மஞ்சள் பட்டையோடு. 40 முதல் 79 வரை மஞ்சள், 80 முதல் நீலம்.

அடுத்தது இனிஷியல். நம் ஊர்ச் சாபம் இது. ஆதாரில் பெயருக்குப் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், ரேஷன் கார்டில் அப்பா பெயர் முழுசாக. புது அட்டையில் ஆதாரில் உள்ளபடி வந்துவிட்டதால் பாஸ்புக் மட்டும் தனியாக நின்றது. முதலில் ஆதாரைச் சரிபார்த்து, மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துப்போக மாற்றிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். நாங்கள் தலைகீழாகச் செய்து இரண்டு முறை திரும்பி வந்தோம்.

பாஸ்புக்கைத் திருத்தப் போன இடத்தில் வேறு ஒன்று முளைத்தது. அது மைனர் கணக்கு. பதினெட்டு தாண்டியதால் முடங்கிக் கிடந்தது. வங்கியில் பாதுகாவலர் சான்றிதழ் கேட்டார்கள். "பெத்தவ நான் இருக்கேனே சார்" என்றார் அம்மா. ஆனால் பதினெட்டு முடிந்தால் சட்டப்படி பெற்றவர்களும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் வாங்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த வழி. குழு கூடும் நாளுக்குக் காத்திருந்ததில் நான்கு மாதம் போனது. பதினேழு வயதில் பிள்ளை இருக்கும் வீடுகள் இதை மட்டும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்தது சுலபம். அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல்கள், போட்டோ, வேறு உதவித்தொகை வாங்கவில்லை என்று வி.ஏ.ஓ. கையெழுத்து. கொடுத்தோம், வந்தது.

வருஷா வருஷம் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். போன மாதம் அதற்காகத் தம்பியை வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். அவர் தலையை நிமிர்த்தி, "என்னப்பா, நல்லா இருக்கியா?" என்றார்.

"டீ" என்றான் தம்பி.